கால் நரம்பை எடுத்து புராஸ்டேட் படுக்கையில் ஒட்டுவது: சிறு துளை முறையால் எதைச் சாதிக்க முடியும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 57, பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, புராஸ்டேட் புற்றுநோய்க்காக ரோபோ வழியாகச் சுரப்பியை முழுவதும் அகற்றுவதென்று முடிவாகியிருக்கிறது. வலப்பக்கத்தில் கட்டி சுரப்பியின் உறையை ஒட்டி நிற்பதால் அந்தப் பக்கத்து விறைப்பு நரம்புகளையும் சேர்த்து எடுக்க நேரலாம் என்று உங்கள் மருத்துவர் கூறியிருக்கிறார். வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவரோ, கெண்டைக்காலிலிருந்து ஒரு நரம்பை எண்டோஸ்கோப் (கேமரா பொருந்திய மெல்லிய குழாய்) மூலம் தழும்பு தெரியாமல் எடுத்து, வெட்டிய இடத்தில் வைத்துத் தைத்துவிடலாம், அதற்காக வற்புறுத்துங்கள் என்கிறார். வற்புறுத்தலாமா என்று கேட்கிறீர்கள்.

நரம்புகளை எடுத்து ஒட்டும் நுண்ணறுவையில் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. இந்தச் சிகிச்சையில் நரம்பை எடுப்பதுதான் எளிய பகுதி. அதை மூன்று சிறு துளைகள் வழியாக எடுத்தாலும், முழங்கால் வரை கீறி எடுத்தாலும், ஒட்டப்படும் இடத்தில் அது வேலை செய்யுமா என்ற கேள்விக்கான விடை மாறுவதில்லை. உங்கள் நிலையில், அதாவது இடப்பக்கத்து நரம்புகளைக் காப்பாற்ற முடியும் என்ற நிலையில், வலப்பக்கத்தில் ஒட்டுப் போடுவதால் குறிப்பிடத்தக்க பயன் இருப்பதாக நம்ப இன்று ஆதாரம் இல்லை. இந்த முடிவுக்கு ஏன் வந்தேன் என்பதை விளக்க, இந்த நரம்புகள் எங்கே இருக்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

புராஸ்டேட்டை அகற்றினால் ஆண்மை போய்விடும் என்பது 1980 வரை ஏறக்குறைய எல்லா அறுவை மருத்துவர்களும் ஏற்றுக்கொண்டிருந்த விலை. விறைப்பை உண்டாக்கும் நரம்புகள் சுரப்பியின் ஊடாகவே செல்கின்றன, ஆகவே சுரப்பியோடு அவையும் போவது தவிர்க்க முடியாதது என்று கருதினார்கள். பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பேட்ரிக் வால்ஷ், 1981-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில், ஓய்வுபெற்ற சிறுநீரகவியல் பேராசிரியர் பீட்டர் டோங்கரைச் சந்தித்தார். இறந்து பிறந்த ஆண் சிசுவின் உடலில் டோங்கர் இந்த நரம்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். வயதுவந்தோரின் உடலில் கொழுப்பும் நார்த்திசுவும் மூடி மறைக்கும் மெல்லிய இழைகள் சிசுவின் உடலில் கண்ணுக்குப் புலப்படும். அன்று அவர்கள் இருவரும் கண்டது, நரம்புகள் சுரப்பிக்குள் நுழையாமல், அதன் உறைக்கும் அதைச் சூழ்ந்த சவ்வுக்கும் வெளியே, பின்பக்கவாட்டில் ஓடுகின்றன என்பதை. கடிகார முகத்தை நினைத்துக்கொண்டால் 5 மணி, 7 மணி இருக்கும் இடங்களில் பக்கத்துக்கு ஒரு கற்றையாக அவை செல்கின்றன. 1982 ஏப்ரல் 26 அன்று வால்ஷ் இந்தக் கற்றைகளை வேண்டுமென்றே காத்து முதல் அறுவையைச் செய்தார். நோயாளி 52 வயதுக்காரர். ஓராண்டுக்குள் அவருக்கு விறைப்பு திரும்பியது. இன்று உங்கள் மருத்துவர் ‘நரம்பு காக்கும் அறுவை’ என்று சொல்வதன் பிறப்பு அதுதான்.

இந்தக் கண்டுபிடிப்பு தீர்க்காமல் விட்ட சிக்கல் ஒன்று உண்டு. புற்று உறையைத் தாண்டி அந்தக் கற்றைக்குள் ஊடுருவியிருந்தால், நரம்பைக் காப்பது புற்றையும் சேர்த்துக் காப்பதாகிவிடும். அப்போது கற்றையை வெட்டியெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. கை நரம்பு அறுபட்டால் இடையில் வேறொரு நரம்பை வைத்துப் பாலம் கட்டுகிறோமே, அதையே இங்கும் செய்யக்கூடாதா என்ற எண்ணம் இங்கேதான் எழுந்தது. 1990-களின் தொடக்கத்தில் எலிகளில், தொடைப்பக்கத்து நரம்பொன்றை எடுத்து ஒட்டிப் பார்த்தபோது ஓரளவு விறைப்பு திரும்பியது. மனிதர்களில் இதை முறையாகச் செய்து 1999-ல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த குழுவினர். பீட்டர் ஸ்கார்டினோ அதில் முக்கியமானவர். இருபக்கக் கற்றைகளும் வெட்டப்பட்டவர்களுக்கு அவர்கள் கெண்டைக்கால் நரம்பை இரு பக்கமும் ஒட்டினார்கள். 2001-ல் வெளியிட்ட நீண்டகாலக் கணக்கில், 23 பேரில் 26 சதவீதத்தினருக்கு மருந்தின் உதவியின்றி உறவு கொள்ளப் போதுமான விறைப்பு திரும்பியிருந்தது. இரு பக்கமும் வெட்டி, ஒட்டுப் போடாமல் விட்டவர்களுக்கு இது கிட்டத்தட்ட நடக்காத ஒன்று என்பதால் பெரும் நம்பிக்கை பிறந்தது. உங்கள் உறவினர் கேள்விப்பட்டிருப்பது அந்த நம்பிக்கையின் எதிரொலியாக இருக்க வேண்டும்.

இனி அந்தக் கால் நரம்பைப் பற்றி. இதைச் சூரல் நரம்பு என்பார்கள். முழங்காலுக்குப் பின்னே பிறந்து, கெண்டைத் தசையின் இரு தலைகளுக்கு நடுவே ஆழத்தில் இறங்கி, காலின் பாதி உயரத்தில் தசையுறையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கடியில் வந்து, பக்கத்திலிருந்து வரும் இன்னொரு கிளையோடு கூடி, வெளிப்புறக் கணுக்கால் எலும்புக்கும் குதிநாணுக்கும் நடுவே, சிறிய சஃபீனஸ் சிரையை ஒட்டிக் கீழிறங்கிப் பாதத்தின் வெளி விளிம்பில் முடிகிறது. இது முற்றிலும் தோலுணர்வு நரம்பு. எந்தத் தசையையும் இயக்குவதில்லை. எடுத்தால் நடை பாதிக்காது, கால் வலுவிழக்காது. வளர்ந்த மனிதரில் ஒரு காலிலிருந்து 30 செ.மீ. அல்லது அதற்கு மேலும் கிடைக்கும். முகம், கை, தோள் என்று உடலில் எங்கே நரம்புப் பாலம் தேவைப்பட்டாலும் முதலில் இதைத் தேடிப் போவதற்கு இவைதான் காரணம்.

இதை எடுக்கும் பழைய முறை, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஒரே நீளக் கீறல். நரம்பு முழுவதும் கண்ணெதிரே கிடக்கும், ஆகவே காயப்படுத்தாமல் எடுக்கலாம். ஆனால் தழும்பு பெரியது, சிலருக்கு அது தடித்துச் சிவந்து உறுத்தும், ஆறவும் நாளாகும். அடுத்து வந்தது ஏணிப்படி போலக் குறுக்காகச் சிறு கீறல்கள் இட்டு, தோலுக்கடியில் நரம்பைத் தொடர்ந்து செல்லும் முறை. இன்னும் சிலர் தசைநாண் உரிக்கும் கருவியைப் போன்ற வளையம் ஒன்றை நரம்பின்மேல் ஏற்றி, கீழிருந்து மேலே தள்ளி உரித்தெடுப்பார்கள். விரைவான முறை, ஆனால் பக்கக்கிளை வந்து சேரும் இடம் கண்ணுக்குத் தெரியாததால் அங்கே நரம்பு இழுபட்டுக் கிழிய வாய்ப்புண்டு. இழுபட்ட நரம்பு வெளியில் முழுமையாகத் தெரிந்தாலும் உள்ளே இழைகளின் குழாய்கள் சிதைந்திருக்கும். ஒட்டாகப் பயன்படப்போகும் நரம்புக்கு அது நல்லதல்ல.

எண்டோஸ்கோப் முறை 1990-களில் வந்தது. கணுக்காலுக்குப் பின்னே ஒன்றரை அல்லது இரண்டு செ.மீ. கீறி, சிரைக்குப் பக்கத்தில் நரம்பை இனங்கண்டு, அதன்மேல் தோலுக்கடியில் சுரங்கம் போல இடம் உண்டாக்கி, விளக்கும் கேமராவும் பொருந்திய மெல்லிய குழாயைச் செலுத்துவார்கள். தொடையில் கட்டுப்பட்டை இறுக்கி இரத்தத்தை நிறுத்தியிருப்பதால் திரையில் நரம்பு வெண்ணிற நூல்போலத் தெளிவாகத் தெரியும். பக்கக்கிளைகளைப் பார்த்தே வெட்டலாம் என்பதுதான் இதன் உண்மையான சிறப்பு. உரிக்கும் கருவிக்கு இல்லாத கண் இதற்கு உண்டு. கெண்டைக்கு மேலே இன்னொரு சிறு கீறலில் மேல்முனையை வெட்டி, கீழ்க்கீறல் வழியாக வெளியே எடுப்பார்கள். வெட்டிய மேல்முனை தோலுக்கடியில் தங்காமல் தசைக்குள் ஆழத்தில் பின்வாங்கும்படி விடுவது முக்கியமான வேலை. அறுந்த முனை தோலோரமாகக் கிடந்தால் அதில் நரம்புக் கழலை உருவாகி, செருப்பு பட்டாலும் மின்னல் வெட்டுவதுபோல் வலிக்கும்.

இவ்வளவையும் பாராட்டிய பிறகு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். தோள்பட்டை நரம்புப் பின்னல் அறுந்தவருக்கு ஒட்டுப் போட முழு நீளமும் வேண்டும். அவருக்கு எண்டோஸ்கோப் முறை பெரிய வரம். புராஸ்டேட் படுக்கையில், அதாவது சுரப்பி இருந்த இடத்தில், வெட்டிய கற்றையின் இடைவெளியோ பெரும்பாலும் 5 முதல் 7 செ.மீ. வரைதான். ஒரு பக்கத்துக்குச் சற்றுத் தாராளமாக வெட்டினாலும் பத்து செ.மீ. போதும், கணுக்காலுக்கு மேலே இரண்டு சிறு கீறல்களில் எந்தக் கேமராவும் இல்லாமலே அதை எடுத்துவிடலாம். ஆக, சிறு துளை முறையின் ஆதாயம் நீளம் கூடக்கூடத்தான் பெருகும். இந்த அறுவைக்கு வேண்டிய நீளத்தில் அது சுருங்கிவிடுகிறது. விளம்பரங்களில் இந்தக் கணக்கைப் பார்க்க முடியாது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

எப்படி எடுத்தாலும் மாறாத விளைவு, பாதத்தின் வெளி விளிம்பிலும் குதிகாலின் ஓரத்திலும் மரத்துப்போதல். அக்கம்பக்கத்து நரம்புகள் மெல்லப் பரவி அந்தப் பரப்பு மாதக்கணக்கில் சுருங்கும், பெரும்பாலோர் மறந்தும்விடுவார்கள். ஆனால் நீங்கள் சர்க்கரை நோயாளி. சர்க்கரை நோய் நரம்புகளைத் தாக்கும்போது உடலின் மிக நீளமான நரம்புகளின் நுனியிலிருந்துதான் தொடங்கும், அதாவது பாதத்திலிருந்து. சூரல் நரம்பு அதில் முதலில் அடிபடும் நரம்புகளில் ஒன்று. நரம்பியல் மருத்துவர்கள் சர்க்கரை நரம்புநோயைக் கண்டறிய மின்கடத்தல் சோதனையில் இதைத்தான் தேடிப் பார்க்கிறார்கள். ஆகவே உங்கள் விஷயத்தில் இரட்டைக் கேள்வி எழுகிறது. எடுக்கும் நரம்பே நலிந்திருந்தால் அது நல்ல பாலமாகுமா? ஏற்கெனவே உணர்வு குறையத் தொடங்கியிருக்கக்கூடிய பாதத்தில் இன்னொரு பகுதியை வேண்டுமென்றே மரக்கச் செய்யலாமா? உணர்வற்ற பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது, செருப்புக் கடித்தாலும் தெரியாது. அதிலிருந்து புண், புண்ணிலிருந்து விரல் இழப்பு என்று போன பலரை நம் மருத்துவமனை வார்டுகளில் யாரும் பார்க்கலாம். ஒட்டின் பயனைப் பற்றி என்ன கருத்து இருந்தாலும், மின்கடத்தல் சோதனை செய்யாமல் சர்க்கரை நோயாளி ஒருவரின் சூரல் நரம்பில் கை வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஒட்டும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். நரம்பின் உள்ளே ஓடும் இழைகளின் உயிர் முதுகுத்தண்டிலும் அதையொட்டிய முடிச்சுகளிலும் உள்ள செல்களில் இருக்கிறது. வெட்டியெடுத்த துண்டில் பழைய இழைகள் சிதைந்து மறைந்துவிடும். எஞ்சுவது, நரம்பிழைகளைப் போர்த்தி நிற்கும் ஷ்வான் செல்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் வெற்றுக் குழாய்கள். இடுப்பிலுள்ள நரம்புப் பின்னலிலிருந்து புதிய இழைகள் முளைத்து அந்தக் குழாய்களுக்குள் நுழைந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் வளர்ந்து, மறுமுனையில் ஆண்குறியின் பஞ்சுத் திசுவைச் சென்றடைய வேண்டும். பாலத்தின் நீளம், அதற்கப்பால் உள்ள தூரம், இரண்டு தையல்களிலும் ஏற்படும் தாமதம் எல்லாவற்றையும் கூட்டினால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு, சிலருக்கு இரண்டாண்டு ஆகும். அந்த நெடுங்காலம் நரம்பின் தூண்டுதல் இல்லாமல் கிடக்கும் பஞ்சுத் திசுவில் மென்தசை குறைந்து நார் மிகும். இழைகள் வந்து சேரும்போது வரவேற்க வேண்டிய திசுவே மாறிப்போயிருக்கலாம்.

தையலையும் எண்ணிப் பாருங்கள். தலைமுடியைவிட மெல்லிய நூலால், உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்து, குறுகிய இடுப்பின் அடியாழத்தில் இரு முனைகளையும் சேர்க்க வேண்டும். ஒட்டை இடைவெளியைவிடச் சற்று நீளமாக வெட்டுவோம், இழுவிசை வரக்கூடாது என்பதற்காக. தலைகீழாகத் திருப்பி வைப்போம், வளரும் இழைகள் பக்கக்கிளைகளின் வாயில் வழிதவறி வெளியேறாமல் இருப்பதற்காக. இவையெல்லாம் கைத்திறனால் ஆகிற காரியங்கள். ரோபோவின் உருப்பெருக்கமும் நடுங்காத கையும் இந்தப் பகுதியை உண்மையிலேயே எளிதாக்கின; 2000-க்குப் பின் சில ஆண்டுகளிலேயே லேப்பராஸ்கோப்பியிலும் (வயிற்றில் சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை) ரோபோவிலும் இந்த ஒட்டைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

கைத்திறனால் ஆகாதது வேறொன்று. கையில் அறுபடும் நரம்பு ஒரு கம்பிவடம் போன்றது. இரு முனைகளும் தெளிவாகத் தெரியும், சேர்த்துத் தைக்கலாம். விறைப்பு நரம்போ அப்படிப்பட்டதல்ல. தொடக்கத்தில் ‘கற்றை’ என்று எழுதப்பட்ட சொல் நம் மனத்தில் வடத்தின் உருவத்தைப் பதித்துவிட்டது. பின்னர் மெல்பர்ன் உள்ளிட்ட இடங்களில் நடந்த உடற்கூற்று ஆய்வுகள், அது சிதறிய வலை போன்ற மெல்லிழைகளின் கூட்டம் என்றும், அந்த இழைகளில் ஒரு பகுதி மலக்குடலுக்கும் இடுப்புத்தளத் தசைக்கும் புராஸ்டேட்டுக்குமே செல்கிறது என்றும் காட்டின. சுரப்பியையும் கற்றையையும் எடுத்தபின் இரத்தம் கசியும் அந்தப் பள்ளத்தில் எது சரியான மேல்முனை, எது சரியான கீழ்முனை என்று தேடுவது கடினம். மின்தூண்டல் கருவியால் தொட்டு விறைப்பு மாற்றத்தை அளந்து முனையைக் கண்டறியும் முயற்சியும் நடந்தது. அதன் துல்லியம் நம்பும்படி இல்லை. தவறான இழையில் ஒட்டினால் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் பாலத்தின் மறுகரை வேறு ஊராக இருக்கும். இந்தச் சிகிச்சை தோற்கும் இடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கெண்டைக்காலில் எவ்வளவு நாசூக்காக நரம்பை எடுத்தாலும் இந்தத் தோல்விக்கு அது மருந்தாகாது.

ஆய்வு என்ன சொல்லிற்று? தொடக்கத்தில் வந்த நல்ல முடிவுகள் பெரும்பாலும் ஒப்பிட எதிர்க்குழு இல்லாத தொகுப்புகள். ஒரு பக்கம் நரம்பைக் காத்து மறுபக்கம் ஒட்டுப் போட்டவர்களுக்கு விறைப்பு திரும்பியது என்றால், அதைத் திருப்பியது காக்கப்பட்ட நரம்பா, ஒட்டா என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் மட்டும் காக்கப்பட்டவர்களில் கணிசமானோருக்கு எந்த ஒட்டும் இல்லாமலே விறைப்பு திரும்புகிறது அல்லவா? இதைத் தீர்க்க ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில், ஒரு பக்க நரம்பு மட்டும் காக்கப்படும் 65 வயதுக்கு உட்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் சூரல் ஒட்டு வைத்தார்கள். 200 பேர் வரை சேர்க்கத் திட்டம். 107 பேர் சேர்ந்த நிலையில் இடைக்கணக்குப் பார்த்தபோது இனித் தொடர்வதில் பொருளில்லை என்று நிறுத்திவிட்டார்கள். 2009-ல் வெளியான முடிவின்படி, ஒட்டுப் போட்டவர்களில் 71 சதவீதத்தினருக்கும் போடாதவர்களில் 67 சதவீதத்தினருக்கும் விறைப்பு திரும்பியிருந்தது. அந்தச் சிறு வேறுபாட்டுக்குப் புள்ளியியல் பொருள் ஏதுமில்லை. அந்த ஆய்வு உங்களைப் போன்றவர்களுக்காகவே நடந்தது என்று சொல்லலாம்: ஒரு பக்கம் காப்பு, ஒரு பக்கம் வெட்டு. கால் நரம்பையே தொடாமல், அதே அறுவைக் களத்தில் கிடைக்கும், தொடைப்பக்கம் செல்லும் நரம்பொன்றை எடுத்து ஒட்டிப் பார்த்தவர்களும் உண்டு. எடுக்கும் காயம் ஏறக்குறைய இல்லாத அந்த முறையிலும் ஒட்டின் பயன் தெளிவாகவில்லை. எடுக்கும் முறை எவ்வளவு எளிதானாலும் விடை மாறாது என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு சான்று.

இருபக்கமும் வெட்டப்படுபவரின் நிலை கொஞ்சம் வேறு. அவருக்கு இழக்க ஒன்றுமில்லை என்பதால் ஒட்டு வைத்துப் பார்க்கலாம் என்ற வாதம் முற்றிலும் அடிபட்டுவிடவில்லை. ஆனால் நரம்பைக் காக்கக் கற்றுத் தந்த வால்ஷே 2001-ல் இதை எதிர்த்து எழுதினார். இரு பக்கமும் வெட்ட வேண்டிய தேவை அரிது. அந்த அளவுக்குப் புற்று பரவியிருந்தால் அறுவை மட்டும் அவரைக் குணப்படுத்துமா என்பதே ஐயம் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்குப் பின்னர் கதிர்வீச்சும், ஆண் ஹார்மோனைக் குறைக்கும் மருந்தும் தேவைப்படக்கூடும். கதிர்வீச்சு ஒட்டு வளரும் படுக்கையைக் கெடுக்கும். ஹார்மோன் குறைந்தால் நரம்பு முழுமையாக இருந்தாலும் நாட்டமே குறையும்.

ஆகவே உங்கள் மருத்துவரிடம் கால் நரம்பைப் பற்றிக் கேட்பதைவிட, வலப்பக்கக் கற்றையை முழுவதும் எடுத்தே ஆக வேண்டுமா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட நல்ல விடைகள் இன்று இருக்கின்றன. எம்.ஆர்.ஐ. படம் கட்டி உறையைத் தொடும் இடத்தையும் நீளத்தையும் காட்டும். காப்பது அல்லது வெட்டுவது என்ற இரண்டே வழிகள் இருந்த காலம் போய், சவ்வுகளின் எந்த அடுக்கில் பிரிப்பது என்று படிப்படியாகத் தீர்மானிக்கும் பழக்கம் வந்திருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் படித்து அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ரோபோ புராஸ்டேட் அறுவையைப் பரவலாக்கிய மணி மேனன், சுரப்பியின் பக்கவாட்டுச் சவ்வையும் திரைபோல முழுதாகக் காக்கும் நுட்பத்தை வகுத்தது இந்த வழியில்தான். இன்னொரு வழி, ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் வளர்ந்தது: நரம்பைக் காத்தே சுரப்பியை எடுத்து, நோயாளி மேசையில் இருக்கும்போதே சுரப்பியின் நரம்பை ஒட்டிய விளிம்பை உறையவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். விளிம்பில் புற்று இல்லையென்றால் நரம்பு தங்கும். இருந்தால் அப்போதே கற்றையை எடுத்துவிடுவார்கள். பிரிட்டனில் குலுக்கல் முறையில் நடந்து 2025-ல் வெளியான ஆய்வில், இம்முறையில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஓராண்டு முடிவில் விறைப்பு மேம்பட்டிருந்தது. கூடுதல் நேரமும் உடனிருந்து பார்க்கும் நோய்க்குறியியல் நிபுணரும் வேண்டும் என்பதால் இது எல்லா இடத்திலும் கிடைக்காது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் விளிம்பில் புற்று இருந்தும் நரம்பை விட்டுவிடும்படி யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

அறுவைக்கு முன் இன்றைய விறைப்பின் நிலையை வினாப்பட்டியல் மூலம் அளந்து பதிவு செய்துகொள்ளுங்கள். பத்தாண்டு சர்க்கரை நோய் ஏற்கெனவே அதைக் குறைத்திருக்கலாம்; அறுவைக்குப் பின் கிடைப்பதை அறுவைக்கு முன் இருந்ததோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். இதை மனைவியோடும் சேர்ந்து பேசுங்கள். வெட்கத்தால் வாய் மூடியிருந்து, அறுவைக்குப் பின் ஒருவரையொருவர் தவிர்த்து வாழும் தம்பதிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அறுவைக்குப் பின் சில்டெனாபில், டடாலாஃபில் போன்ற மாத்திரைகள், வெற்றிடக் குழாய், தேவைப்பட்டால் ஊசி என்று திசுவுக்கு இரத்த ஓட்டம் கிடைக்கச் செய்யும் சிகிச்சை இருக்கிறது. இவை நரம்பை வளர்க்காது; திசு நாராகிப்போவதைத் தள்ளிப்போடவும், இருக்கும் நரம்பின் வேலையைப் பெருக்கிக் காட்டவும் உதவும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. எதுவும் பலிக்காவிட்டால், 1973 முதல் பயன்பாட்டில் இருந்து மேம்பட்டு வந்த, ஆண்குறிக்குள் வைக்கும், திரவத்தால் நிரம்பும் செயற்கைப் பொருத்தி இருக்கிறது.

கடைசியாக, சூரல் நரம்புக்கு வேறொரு பாதையும் திறந்திருக்கிறது. உங்கள் முடிவுக்கு அதுவும் தொடர்புடையது. பிரேசிலில் 2017-லும் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 2019-லும் வெளியான ஆய்வுகளில், புராஸ்டேட் அறுவை முடிந்து நெடுநாள் கழித்தும் விறைப்பு திரும்பாதவர்களுக்கு, சூரல் நரம்பை எடுத்து, ஒரு முனையைத் தொடையின் ஃபெமரல் நரம்பின் பக்கவாட்டில் பொருத்தி, மறுமுனையைத் தோலுக்கடியில் சுரங்கமிட்டுக் கொண்டுபோய் ஆண்குறியின் பஞ்சுத் திசுவுக்குள்ளேயே வைத்தார்கள். இடுப்பாழத்தில் தொலைந்த முனைகளைத் தேட வேண்டிய தேவையே இதில் இல்லை. நான் மேலே சொன்ன தோல்வியின் வேரையே இது சுற்றிக்கொண்டு போகிறது. மெல்பர்ன் தொகுப்பில் 17 பேரில் 12 பேர் மீண்டும் உறவு கொள்ள முடிந்ததாகச் சொல்கிறார்கள். சிறிய எண்ணிக்கை, எதிர்க்குழு இல்லை. 2001-ல் பிறந்த நம்பிக்கையும் இப்படித்தான் தொடங்கியது என்பதால் நான் காத்திருக்கிறேன். இந்த அறுவைக்கு வேண்டிய ஒட்டு நீளமானது. எண்டோஸ்கோப் வழியாக நரம்பை எடுப்பதன் அருமை முழுதாகத் தெரியக்கூடிய இடமும் அதுவே. உங்கள் இடப்பக்க நரம்பு இரண்டாண்டு கழித்தும் விழிக்கவில்லை, புற்று திரும்பவில்லை, மின்கடத்தல் சோதனையில் கால் நரம்பு நன்றாக இருக்கிறது என்றால் அப்போது இதைப் பற்றிப் பேசலாம். அதுவரை அந்த நரம்பு உங்கள் காலிலேயே இருக்கட்டும்.